அபாண்டம்

விடுவதில் எத்தனை விதம் என்று திண்டிவனத்தில் சவுரிராயனுக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார், அதுதான் தொல்லை.

நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள சந்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டினாற்போல ஒரு தகரக் கூரை. அதன் கீழே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மின்சாரம் போனால் கூவுகிற ஒரு பேட்டரி. முப்பது வருஷமாக அதுதான் அவருடைய ராஜ்யம். வக்கீல்களுக்கு மனு, கட்சிக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பு, கலெக்டருக்குப் புகார் எல்லாம் அடித்துக் கொடுப்பார். ஊரில் இன்னும் இரண்டு சவுரி இருந்ததால் இவருக்கு ‘இங்கிலீஷ் சவுரி’ என்று பேர். கிண்டலாகக் கூப்பிட்டாலும் சந்தோஷமாகவே திரும்பிப் பார்ப்பார். அவருடைய அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். மகன் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தது இங்கிலீஷால்தான். சோறு போட்ட மொழியை மனுஷன் கொஞ்சம் தலையில் வைத்துக்கொண்டு ஆடினால் குற்றம் சொல்ல முடியாது.

“தமிழ்ல என்னய்யா, எல்லாத்துக்கும் ‘உட்டுட்டேன்’தான்” என்பார். “வீட்ட உட்டுட்டேன், வேலைய உட்டுட்டேன், பங்க உட்டுட்டேன், பொண்டாட்டிய உட்டுட்டேன், பீடிய உட்டுட்டேன். வெள்ளக்காரன் அப்படி இல்ல. வீடுன்னா வெக்கேட். வேலைன்னா ரிசைன். சொத்துல பங்குன்னா ரிலிங்க்விஷ். உரிமைன்னா வெய்வ். சாமியாரு உலகத்த உட்டா ரினவுன்ஸ். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டிராயர் வெச்சிருக்கான். ஒண்ணுல இருக்கறத இன்னொண்ணுல போட்டா பேஜாரு.”

வீட்டில் இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவி செண்பகத்துக்குக் காது புளித்துவிட்டது. “வாய உடறதுக்கு அவன் என்னா வார்த்தை வெச்சிருக்கான்னு பாத்து சொல்லு, உனக்கு உபயோகப்படும்” என்பாள். சவுரிராயன் அதற்கும் அகராதியைப் புரட்டுவார்.

ஆனால் போன தை மாசம் அவர் திறந்த டிராயர் ஒன்று, சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியது இல்லை.

அன்றைக்கு சித்ரா வந்தாள். மரக்காணம் சாலையில் இருந்த ஒரு குழந்தைகள் காப்பகத்தில் கணக்கு, கடிதம், ஆயா வேலை எல்லாம் அவள்தான். இடுப்பில் ஒன்பது மாசப் பெண் குழந்தை, கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு. அவளுக்கு நாலடி பின்னால், துப்பட்டாவால் வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள்.

“அண்ணே, ஜல்தியா ஒரு லெட்டர் அடிச்சிக் குடுங்க” என்றாள் சித்ரா. “இந்தப் பொண்ணு அஸ்வினி. வல்லம் பக்கத்துல ஊரு. ஊட்டுக்காரர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி... இல்ல, புள்ள வவுத்துல இருந்தப்பவே தவறிட்டாரு. இப்ப இதுக்கு டிபி. புள்ளைய எங்க இல்லத்துல சேக்கறோம். பெத்த அம்மாவே எழுதிக் குடுத்த மாதிரி இங்கிலீஷ்ல ஒண்ணு வேணும். இல்லத்துல சரண்டர்னு போடச் சொன்னாங்க.”

சவுரிராயனுக்குச் சுருக்கென்றது. அந்த வாரம்தான் கடலூர் பக்கம் ஒருவனை வெட்டிவிட்டு வந்த நாலு பேர், எதிரே இருந்த நீதிமன்றத்தில் சரண்டர் ஆகியிருந்தார்கள். சந்து முழுக்கப் போலீஸ், கேமரா, அவர்களுடைய சொந்தக்காரர்கள். வருஷத்துக்கு ஏழெட்டு முறை அது நடக்கும். சரண்டர் என்றால் அவருக்கு அந்த முகங்கள்தான். அரிவாளைக் கழுவிவிட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, வக்கீலோடு வந்து நிற்கிற முகங்கள்.

“சரண்டரா? இந்தப் பொண்ணு யார வெட்டிச்சி?” என்றார். “தெரியாதவங்க சொல்றதெல்லாம் போட முடியாதும்மா. ஏம்மா, நீ என்னா பண்ணப் போற, நீயே சொல்லு.”

அஸ்வினி தள்ளி நின்றபடியே சொன்னாள். “புள்ளைய இங்க உட்டுட்டுப் போறேன் சார். என் மூச்சு அதுக்குப் பட வேணாம். ஒடம்பு சரியாவட்டும், வந்து பாக்கறேன்.”

சவுரிராயன் ‘உட்டுட்டு’ வரைக்கும்தான் கேட்டார். அதற்குமேல் அவர் காது வேலை செய்யவில்லை. மனசு டிராயர்களைத் திறக்கப் போய்விட்டது. ரிலிங்க்விஷ் சொத்து வாடை அடிக்கும். கிவ் அப் என்பது பீடிக்கு. லீவ் என்பது மொட்டை. அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. போன தவக்காலத்தில் பங்குக் கோயிலில் மூன்று நாள் தியானம் நடத்த வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்திருந்தார். கடைசி நாள் பிரசங்கத்தில் அந்த இங்கிலீஷ் சொல்லைச் சொல்லி, அதற்கு அர்த்தமும் சொன்னார்: கடவுளின் கையில் தன்னை முழுசாக, ஒன்றையும் மிச்சம் வைக்காமல், நம்பி விட்டுவிடுவது. அபாண்டன். அன்றைக்கு சவுரிராயன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த அத்தனை ‘விடு’களிலும் அதைவிடப் புனிதமானது இல்லை.

நடுங்கிக்கொண்டு நிற்கிற இந்தத் தாய்க்கு அதுதான் பொருத்தம் என்று அவருக்குப் பட்டது. அடித்தார். என் பெண் குழந்தை மலர்விழியை இந்த இல்லத்தின் அன்பான கைகளில் இன்று அபாண்டன் செய்கிறேன் என்று பொருள்படும்படி, இங்கிலீஷில், ஒரே வாக்கியம். ‘வந்து பாக்கறேன்’ என்று அவள் சொன்னது எங்கோ காதோரம் இருந்தது. அதைச் சேர்த்தால் வாக்கியத்தின் நடை கெடும். விட்டுவிட்டார்.

அஸ்வினி தமிழில் கையெழுத்துப் போட்டாள். சித்ரா படிக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கூலி வேண்டாம் என்று சவுரிராயன் சொல்லிவிட்டார். அவர்கள் போகும்போது குழந்தை சித்ராவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே போயிற்று. தாய் எதிர்ப்பக்கமாக, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். இரவு சாப்பிடும்போது செண்பகத்திடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினார்.

“அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொண்ணு புள்ளைய எப்ப வந்து வாங்கிக்கும்?” என்றாள் செண்பகம்.

“அது எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அவருக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு நல்ல வாக்கியத்தைக் கேட்டுவிட்டு இவள் கேட்கிற கேள்வியைப் பார்.

ஆனி மாசம் முடிகிற சமயத்தில் அஸ்வினி திரும்பி வந்தாள். முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, வாயில் கட்டு இல்லை. கையில் ஒரு துணிக்கடைப் பை.

“நல்லாயிடுச்சி சார். சளியில ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றாள். “புள்ளைய இட்டுக்கினு போலாம்னு வந்தேன். இல்லத்துல குடுக்க மாட்டேன்றாங்க. பாக்கவும் உட மாட்டேன்றாங்க. சித்ராக்கா அழுவுது. நீ எழுதிக் குடுத்தத சார்கிட்டயே போயி படிக்கச் சொல்லுன்னு இத்தக் குடுத்துச்சி.”

ஜெராக்ஸ் காகிதம். சவுரிராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம்முடைய வாக்கியத்தைப் படித்தார். சத்தமாகத்தான் படித்தார், பழக்கதோஷம்.

“நடுவுல அபாண்டம்னு வருது சார்” என்றாள் அஸ்வினி. “அபாண்டம்னா இல்லாத பழிய தூக்கிப் போடறதுதானே? என் புள்ள மேல யாரு என்னா பழி போட்டாங்க?”

“அது வேறம்மா” என்றார். காகிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

சித்ராவுக்குப் போன் போட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தக் கடிதம் விழுப்புரத்தில் இருக்கிற குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனது. மேலே இருந்தவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். தாயே கையெழுத்துப் போட்டிருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனாலும் முறைப்படி வல்லம் முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினார்கள். அஸ்வினியோ அப்போது திருவாமாத்தூரில் அத்தை கெங்கம்மாள் வீட்டில் தங்கி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரர் உறையின் மேல் ‘லெஃப்ட்’, அதாவது ஊரை விட்டுப் போய்விட்டார் என்று எழுதித் திருப்பிவிட்டார். பேப்பரில் குழந்தையின் படத்தைப் போட்டார்கள். கெங்கம்மாள் வீட்டில் பேப்பர் என்பது வடை மடிக்கிற காகிதம். யாரும் வரவில்லை. தத்துக் கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரு தம்பதி பார்க்க வருகிறார்களாம்.

அன்றைக்கு திங்கட்கிழமை.

அஸ்வினியை உட்காரச் சொல்லிவிட்டு சவுரிராயன் வக்கீல் விருத்தாசலத்தைத் தேடி ஓடினார். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த வக்கீல் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சரண்டர்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா கதையே வேற சவுரி” என்றார். “சட்டத்துல அது தாய்க்குண்டான வார்த்தை. கூப்ட்டு எதிர்ல ஒக்கார வெச்சி, ஏம்மா, எதுக்கும்மான்னு கேட்டிருப்பாங்க. ரெண்டு மாசத்துக்குள்ள மனசு மாறினா வந்து வாங்கிக்கன்னு தேதி போட்டுக் குடுத்திருப்பாங்க. இதுல என்னா போட்டிருக்கு? அபாண்டன். குப்பத்தொட்டியில போட்டுட்டுப் போறவளுக்குண்டான வார்த்தை. இத்த வெச்சி அந்தப் பொண்ணு மேல கேஸே போடலாம். எந்த மடையன்யா இத்த அடிச்சது?”

சவுரிராயன் வாயைத் திறந்தார். கேன்டீனில் இன்னும் மூன்று வக்கீல்கள், இரண்டு குமாஸ்தாக்கள். முப்பது வருஷமாக அவரிடம் காகிதம் கொடுக்கிற கைகள்.

“யாரோ” என்றார்.

வெட்கக்கேடு என்று அவருக்கே தெரியும். சந்தைத் தாண்டி வருவதற்குள் பத்து முறை திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். கட்சிக்காரன் சொல்லாததை எழுதுகிறவன் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால், அந்த மேசையில் ஈ கூட வந்து உட்காராது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஐம்பத்தாறு வயசில் வேறு எந்தத் தொழிலுக்குப் போவது?

மனு அடித்தார். இல்லாத பொறுப்பெல்லாம் அதில் காட்டினார். நோய், சிகிச்சை, திருவாமாத்தூர் முகவரி, டாக்டர் சீட்டின் நகல், எல்லாம் சேர்த்தார். முக்கியமான இடம் வந்தபோது மட்டும் கை நின்றது. கால் மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘மேற்படி கடிதத்தில் அச்சொல் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது’ என்று அடித்தார். வார்த்தை தானே நடந்து வந்து காகிதத்தில் உட்கார்ந்துகொண்டது போல. யார் தவறு என்று அதில் இல்லை. அஸ்வினியிடமும் சொல்லவில்லை. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, “உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும் சார்” என்றபோது அவர் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மனுவை மறுநாளே விழுப்புரத்தில் கொடுத்தார்கள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தாயை நேரில் விசாரிப்பதாகப் பதில் வந்தது. வேகமாகத்தான் நடந்தது, அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல வழியில்லை.

பஸ்ஸில் அஸ்வினிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. துணிக்கடைப் பையை மடியில் வைத்திருந்தாள். உள்ளே மஞ்சள் கவுன். “ஒரு வயசுக்கு எடுத்தேன். இப்ப வளந்திருக்குமா சார், பத்துமா?” என்று கேட்டாள். பத்தும் என்றார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் புருஷன் குமரேசன் அங்கே ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பரோட்டா போட்டவன். வேலை முடிந்து ரோட்டைத் தாண்டும்போது லாரி அடித்துவிட்டது. பஸ் கிளம்பி வெகுதூரம் போன பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

“அங்க அதிகாரி கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்று சவுரிராயன் சொல்லிக் கொடுத்தார். “நீட்டி முழக்காத. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. கதை சொன்னா அவங்களுக்குப் புடிக்காது.” முப்பது வருஷமாகச் சாட்சிகளுக்கு வக்கீல்கள் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டவர். அதையே அவளுக்கும் சொன்னார்.

ஆட்சியர் அலுவலக வளாகத்தில், பின்பக்கக் கட்டடத்தில் விசாரணை. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கடுகடுப்பு இல்லாத முகம். அஸ்வினிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சவுரிராயனைப் பார்த்து, “நீங்க கூட இருக்கலாம், ஆனா நடுவுல பேசக் கூடாது” என்றார். சவுரிராயன் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

உடம்பைப் பற்றிக் கேட்டார் அதிகாரி. நல்லாயிடுச்சு என்றாள் அஸ்வினி. ஐந்து மாசமாக ஏன் வந்து பார்க்கவில்லை என்று கேட்டார். மூச்சு படும் என்று வரவில்லை என்றாள். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். சவுரிராயனுக்கு நம்பிக்கை வந்தது. நன்றாகத்தான் போகிறது, கர்த்தர் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “இப்ப கேக்கறதுதான் முக்கியம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு விதம் இருக்குது. குழந்தைய நீங்க கைவிட்டீங்களா, இல்ல, இல்லத்துல ஒப்படைச்சீங்களா?”

அஸ்வினியின் முகம் மாறியது. அதுவரை குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒப்படைக்கலம்மா” என்றாள். குரலில் கோபம் தெரிந்தது. எதற்கு இந்தக் கோபம் என்று சவுரிராயனுக்கு அப்போது விளங்கவில்லை.

“ஒப்படைக்கலையா?”

“இல்லம்மா. நான் ஒப்படைக்கவே இல்ல.”

“அப்ப கைவிட்டுட்டீங்க?”

“ஆமாம்மா. என் கையாலதான் உட்டேன்.”

சவுரிராயன் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தன் கையால் கொண்டுபோய் விட்டாள் என்கிறாள். தூக்கி எறியவில்லை, வேறு யார் கையிலும் கொடுத்து அனுப்பவில்லை, தானே நேரில் வந்து விட்டாள் என்கிறாள். அது அவருக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அதிகாரி அவர் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினார். முப்பது வருஷம் நீதிமன்ற வாசலில் குப்பை கொட்டிய மனுஷன், கையைக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டார். அந்த உட்கார்தலை நினைத்து நினைத்து அவர் பிற்பாடு எத்தனையோ நாள் தூங்கவில்லை.

அதிகாரி எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். ஒப்படைக்கவில்லை என்றும், கைவிட்டதாகவும் தாய் கூறுகிறார். சரிதானே? சரிதான் என்றாள் அஸ்வினி. கையெழுத்துப் போட்டாள். “நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா” என்றதும், பையை எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

“மேடம்” என்று எழுந்தார் சவுரிராயன். “அந்தப் பொண்ணு சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல. கையால உட்டேன்னா, நேர்ல வந்து குடுத்தேன்னு சொல்லுது. எங்க பக்கத்துப் பேச்சு அது.”

“ஒப்படைக்கலைன்னு ரெண்டு தடவை சொன்னாங்களே. அதுவும் உங்க பக்கத்துப் பேச்சா?”

அவர் அடுத்த காரணத்துக்குத் தாவினார். “மொதல் லெட்டர்ல இருக்கற வார்த்தையே தப்பு மேடம். டைப்பிங் மிஸ்டேக்.”

“டைப்பிங் மிஸ்டேக்னா ஒரு எழுத்து மாறும். இது முழு வார்த்தையாவே இருக்குதே. யார் அடிச்சது?”

“நான்தான்” என்றார் சவுரிராயன். “அந்தப் பொண்ணு வந்து பாக்கறேன்னு சொல்லிச்சி. நான் எழுதல. சரண்டர்னு போடச் சொன்னாங்க. நான்தான் போடல.”

அதிகாரி மனுவை எடுத்து, அடிக்கோடிட்ட இடத்தை விரலால் தொட்டார். “இதுவும் நீங்க அடிச்சதுதானே? தவறுதலாக இடம்பெற்றுவிட்டதுன்னு போட்டிருக்கீங்க. என் தப்புன்னு ஏன் போடல?”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“மனு கொடுத்தப்பவே இதுல எழுதியிருந்தீங்கன்னா, நான் அவங்கள கேக்கற விதமே வேறயா இருந்திருக்கும். இப்ப அவங்களே எம் முன்னால சொல்லி, கையெழுத்தும் போட்டாச்சு. அதுக்கப்புறம் நீங்க வந்து வேற சொன்னா, சொல்லிக் கொடுத்துப் பேசறீங்கன்னுதான் எடுத்துப்பாங்க.” அவர் குரலில் வருத்தம் இருந்தது. அது நிஜமான வருத்தம்தான். “நீங்க சொல்றத எழுதிக் கொடுங்க, ஃபைல்ல வெக்கறேன். மேல கோர்ட்டுக்குப் போகணும்னா போகட்டும். ஆனா வெள்ளிக்கிழமைய என்னால நிறுத்த முடியாது. நான் இப்ப ஃபைலோட சென்னைக்குக் கிளம்பணும்.”

சவுரிராயன் வெளியே வந்தபோது, வராந்தாவின் கோடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள் அஸ்வினி. மஞ்சள் கவுனைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பு கலையாமல் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஐந்து மாசத்தில் அவர் அவளிடம் பார்த்த முதல் சிரிப்பு.

“நீங்க சொன்ன மாதிரியே சுருக்கமா சொல்லிட்டேன் சார். நல்லா சொன்னேனா?” என்றாள். “நடுவுல ஒண்ணு கேட்டாங்க பாருங்க, ஒப்படைச்சியான்னு. நெஞ்ச அடச்சிடுச்சி. எங்க ஊட்டுக்காரர் செத்தப்ப ஆஸ்பத்திரியில அந்த ரூமுக்கு வெளிய நிக்க வெச்சி, ‘பாடிய ஒப்படைச்சிட்டோம், கையெழுத்துப் போடு’ன்னாங்க. அப்பதான் அந்த வார்த்தையக் கேட்டேன். அத்தப் போயி உசுரோட இருக்கற என் புள்ளைக்கு சொல்லுவனா? முடியாதுன்னு சொல்லிட்டேன். எப்ப சார் குடுப்பாங்க?”

சவுரிராயன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். சித்ரா சரண்டர் போடச் சொன்னதும் தான் போடாததும், வந்து பாக்கறேன் என்று அவள் சொன்னதை எழுதாமல் விட்டதும், மனுவில் தன் பேரை மறைத்ததும், இன்றைக்கு அவள் சொன்ன பதில் காகிதத்தில் என்னவாக ஏறியிருக்கிறது என்பதும், வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்பதும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் அழுதுவிட்டார். அவள் அழவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

“அப்ப நான் என்னா சொல்லியிருக்கணும்?”

“ஒப்படைச்சேன்னு சொல்லியிருக்கணும்மா.”

அஸ்வினி அவர் மேல் காறித் துப்பியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் கவுனைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த வழியே வராந்தாவில் வேகமாகத் திரும்பி நடந்தாள். விசாரணை நடந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“அம்மா, ஒப்படைச்சேன்” என்றாள். மறுபடியும், வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். “ஒப்படைச்சேம்மா. என் புள்ளைய நான் ஒப்படைச்சேன். ஒப்படைச்சேம்மா.”

அடுத்த அறையிலிருந்து சாவிக்கொத்தோடு வந்த அலுவலக உதவியாளர், “யாரும்மா அது, மேடம் ஜீப்புல ஏறிப் போயி அஞ்சு நிமிஷம் ஆவுது” என்றார்.